பாடத் தெரியாதவரின் பாட்டு

பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்வது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஜாஸ் ரசிகர்கள் ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். ‘மெய்டன் வாயேஜ்’ வரலாம், ‘செக்ஸ்டன்ட்’ வரலாம், ‘ஹெட் ஹன்டர்ஸ்’ எத்தனையாவது முறை வந்தாலும் வாங்கலாம். 1978இன் ‘சன்லைட்’ தொடங்கி 1982இன் ‘லைட் மீ அப்’ வரை அவர் வோகோடர் என்ற கருவி வழியாகப் பாடியும் பிறரைப் பாடவைத்தும் வெளியிட்ட ஃபங்க் தட்டுகளை மட்டும் எதற்குத் தூசி தட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். காசுக்காகச் செய்தவை, அவருக்குப் பாடவும் தெரியாது, அந்த மெஷின் குரலை இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது, வேண்டுமென்றால் 2013இல் சோனி வெளியிட்ட 34 சிடி பெட்டியில் இருக்கின்றனவே, அங்கேயே கிடக்கட்டும். விமர்சகர்கள் அன்று எழுதியதை ரசிகர்கள் திருப்பிச் சொல்லிச் சொல்லி, தட்டைக் கேட்காதவர்கள்கூட இதை ஒப்பிக்கும் நிலை வந்துவிட்டது.

இதை நான் மறுக்கிறேன். ‘பரவாயில்லை, அவற்றிலும் நல்லது கொஞ்சம் உண்டு’ என்று தயவு காட்டும் மறுப்பு இல்லை. இந்தத் தட்டுகளை எதிர்ப்பவர்களும் சரி, சப்பைக்கட்டு கட்டி ஆதரிப்பவர்களும் சரி, அவற்றில் என்ன நடக்கிறது என்றே காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

காசு என்ற குற்றச்சாட்டிலிருந்தே தொடங்கலாம். இதைச் சொல்பவர்கள் மனத்தில் ஒரு கதை இருக்கிறது. ப்ளூ நோட் கம்பெனிக் காலத்து ஹான்காக் தூய கலைஞர். மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1963 முதல் 1968 வரை வாசித்தவர் மேதை. பிறகு சபலம் தட்டிச் சரிந்துவிட்டார். 1962இல் வந்த அவருடைய முதல் தட்டிலேயே ‘வாட்டர்மெலன் மேன்’ இருக்கிறது என்பதை இந்தக் கதை வசதியாக மறந்துவிடுகிறது. விற்க வேண்டும் என்று தெரிந்தே போட்ட மெட்டு அது. மறு ஆண்டே மோங்கோ சான்டமரியா அதை வாசித்துப் பெரிய வெற்றியாக்கினார். பதிப்புரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்காதே என்று ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் சொன்ன புத்திமதியைக் கேட்டு, 22 வயதிலேயே உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டவர் ஹான்காக். பணத்தைப் பற்றி அவருக்கு 1978இல்தான் ஞானோதயம் வந்தது என்பது சுத்தக் கட்டுக்கதை.

விற்பனையைத்தான் அளவுகோலாக வைப்போம் என்றால் கணக்கு இன்னும் உதைக்கிறது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகள் விற்று பிளாட்டினம் சான்று பெற்றவை ‘ஹெட் ஹன்டர்ஸ்’ தட்டும், ‘ராக்கிட்’ பாட்டு இடம்பெற்ற 1983இன் ‘ஃப்யூச்சர் ஷாக்’ தட்டும். இரண்டுக்கும் இன்று முழு மன்னிப்பு வழங்கியாகிவிட்டது. முதலாவதைச் சாதனை என்கிறார்கள், இரண்டாவதைத் தீர்க்கதரிசனம் என்கிறார்கள். நடுவில் வந்த இந்த ஐந்து ஃபங்க் தட்டுகள் அந்த எண்ணிக்கையின் பக்கம்கூடப் போகவில்லை. ‘சன்லைட்’ தட்டின் ‘ஐ தாட் இட் வாஸ் யூ’ பிரிட்டன் பட்டியலில் 15ஆம் இடம் வந்தது. ‘யூ பெட் யுவர் லவ்’ 18ஆம் இடம். அவ்வளவுதான். காசுக்காகச் செய்து காசும் வராத இசையை வணிகம் என்று திட்டிவிட்டு, கோடிக் கணக்கில் பார்த்த இசையைக் கலை என்று கொண்டாடுகிறவர்கள், தாங்கள் வணிகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, ‘பாடத் தெரியாது’ என்பதற்கு வருவோம். இதில்தான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது.

ஹான்காக்குக்குப் பாடகர் குரல் கிடையாது. அதை யாரைவிடவும் அவருக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் வோகோடரைத் தேடிப் போனார். இந்தக் கருவி பாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. 1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்ப வழி தேடியபோது உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச அமைத்த ரகசியத் தொலைபேசி முறைக்கு இதே நுட்பம் அடித்தளம். ஹான்காக்கிடம் இருந்தது ஜெர்மன் நிறுவனமான சென்ஹைசர் செய்த விஎஸ்எம் 201. கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அவர். இப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததும் கை சும்மா இருந்திருக்காது.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். மைக்கில் பேசும்போது நம் குரலில் தாழ்ந்த அதிர்வுகளும் உயர்ந்த அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. வோகோடர் அவற்றைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இந்தக் கணத்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளக்கிறது. இன்னொரு பக்கம் சிந்தசைசரின் ஒலியையும் அதே பட்டைகளாகப் பிரித்து, குரலின் அளவுப்படி ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குகிறது. வெளியே வருவது சிந்தசைசரின் ஒலி. அதன் மேல் நம் வாயின் அசைவு. மோர்சிங் வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்: உலோக நாக்கு அதிர்கிறது, வாய் அதற்கு வடிவம் கொடுக்கிறது, ஆனால் அவர் பாடுவதில்லை. மோர்சிங்கில் சுருதி ஒன்றுதான். வோகோடரில் எந்தச் சுரம் கேட்க வேண்டும் என்பதைக் கீபோர்டில் இருக்கும் விரல்கள் தீர்மானிக்கின்றன.

ஆக, அந்தத் தட்டுகளில் நாம் கேட்கும் ‘பாட்டின்’ ஒவ்வொரு சுரமும் ஹான்காக்கின் விரலிலிருந்து வருகிறது. வாய் தருவது மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் மட்டும். சுருதி தப்புகிறது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் தப்ப வழியே இல்லை. இன்னும் ஒன்று: தொண்டையால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாட முடியும், கீபோர்டில் நான்கைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தலாம். ‘சன்லைட்’ தட்டின் ‘கம் ரன்னிங் டு மீ’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மெதுவாக, அவசரமே இல்லாமல் நகரும் பாட்டு. சொற்கள் வரும்போது கார்டுகளாக, அதாவது சுரக் கூட்டங்களாக, விரிந்து வருகின்றன. அடுத்த சொல்லுக்குப் போகும்போது கார்டும் மாறுகிறது. அந்த மாற்றங்கள் சட்டென்று சுருண்டு திரும்பும் சாதாரண ஃபங்க் மாற்றங்கள் அல்ல. 1965இல் ‘மெய்டன் வாயேஜ்’ தட்டில் பியானோவில் அவர் தொங்கவிட்டாரே, தீர்வுக்கு வராமல் மிதக்கும் அந்தக் கார்டுகளின் உறவுக்காரர்கள் இவை. ஒருவர் தன் ஹார்மனி அறிவு முழுவதையும் வாய்வழியே அசைகளாக உச்சரிக்கிறார். எனக்குத் தெரிந்து இதற்கு முன் ஜாஸில் யாரும் இதைச் செய்ததில்லை. அவருக்கு முன்னால் வோகோடரைக் கையாண்ட வெண்டி கார்லோஸும் கிராஃப்ட்வெர்க் குழுவும் வேறு நோக்கத்தில் இருந்தார்கள். ‘பாடத் தெரியாது’ என்று இதைத் தள்ளுவது ஆளை மாற்றிப் பிடித்துத் தண்டிப்பது. தண்டிக்க வேண்டுமானால் கீபோர்டு வாசிப்பைக் குறை சொல்லுங்கள். அந்தத் துணிச்சல் இதுவரை எந்த விமர்சகருக்கும் வந்ததில்லை.

ஸ்டுடியோ தந்திரம், பல அடுக்காகப் பதிவுசெய்து ஒட்டியது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. 1978 அக்டோபரில் ஹான்காக் டோக்கியோ போனார். அங்கே சிபிஎஸ் சோனிக்காக ‘டைரக்ட்ஸ்டெப்’ என்ற தட்டைப் பதிவுசெய்தார். பெயர் சொல்வதுபோல அது நேரடி வெட்டு: குழு வாசிப்பது வாசிக்க வாசிக்கத் தட்டின் மூலப்படியில் பள்ளமாக வெட்டப்படும். நடுவில் திருத்துவதற்கு டேப் கிடையாது. ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாக வேண்டும். ஒருவர் தடுமாறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து. அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்பும் ஒரே பாட்டு ‘ஐ தாட் இட் வாஸ் யூ’. ஏறத்தாழ பதினைந்து நிமிடம். பென்னி மாப்பின் சாக்ஸபோன், பால் ஜாக்சன் பாஸ், அல்ஃபோன்ஸ் மூஸான் ட்ரம்ஸ், பில் சம்மர்ஸ் தாள வாத்தியங்கள். ஹான்காக் வாயையும் கையையும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு நிற்கிறார். திருத்தல் இல்லை, ஒட்டல் இல்லை. ஸ்டுடியோத் தட்டில் கேட்டதைவிட இங்கே குரல் இன்னும் சுதந்திரமாகத் தாவுகிறது.

அதே மாதம், அதே ஊர், அதே நேரடி வெட்டு முறையில் அவர் இன்னொரு தட்டும் பதிவுசெய்தார். பெயர் ‘தி பியானோ’. துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக, ‘மை ஃபன்னி வேலன்டைன்’ போன்ற பழைய பாடல்களும் சொந்த இசையும். இன்று அதைத் தனிப் பியானோ இசையின் உயர்ந்த பதிவுகளில் ஒன்றாக வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைப்பேன். சரிந்துபோன கலைஞர் என்ற கதைக்கு இந்த ஒரு மாதமே போதுமான பதில். சில நாள் இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டையும் வாசித்திருக்கிறார். அதே 1978 பிப்ரவரியில் சிக் கொரியாவுடன் இரண்டு பியானோக் கச்சேரி. அதே காலத்தில் வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் சேர்ந்த வி.எஸ்.ஓ.பி. குழு. ‘சன்லைட்’ தட்டின் கடைசிப் பாட்டான ‘குட் க்வெஸ்ச்சன்’இல் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாஸும் டோனி வில்லியம்ஸ் ட்ரம்ஸும் வாசிப்பதை, இந்தத் தட்டைக் குப்பை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஹான்காக் ஒரு வாசலை மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கவில்லை. எல்லா வாசலும் திறந்தே இருந்தன. ரசிகர்கள்தான் ஒன்றின் வழியாக மட்டும் எட்டிப் பார்த்தார்கள்.

இந்த வெறுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இது ஆடுவதற்கான இசை. 1979இல் ‘ஃபீட்ஸ் டோன்ட் ஃபெயில் மீ நவ்’ வந்த அதே ஆண்டு ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது ஹான்காக் பிறந்த ஊர். டிஸ்கோ மீதான அந்தக் கோபத்தில் கறுப்பினத்தவர் மீதும் ஓரினச்சேர்க்கையாளர் மீதும் இருந்த வெறுப்பு எவ்வளவு கலந்திருந்தது என்று பிறகு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஜாஸ் ரசிகர்கள் வெடி வைக்கவில்லைதான். ஆனால் நடன மேடை என்றால் தாழ்ந்தது, உட்கார்ந்து கேட்பது உயர்ந்தது என்ற எண்ணம் அவர்களிடமும் இருந்தது. ட்யூக் எலிங்டனும் கவுன்ட் பேஸியும் நடனக் கூடங்களில்தான் வளர்ந்தார்கள் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. 1981இன் ‘மேஜிக் விண்டோஸ்’ தட்டில் ‘மேஜிக் நம்பர்’ பாடியவர் சில்வெஸ்டர். தான் யார் என்பதை ஒளிக்காமல் மேடை ஏறிய சான்ஃபிரான்சிஸ்கோ டிஸ்கோ நட்சத்திரம். மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர் சில்வெஸ்டரைக் கூப்பிட்டுப் பாடவைத்தார் என்பது எனக்குப் பெருமையாகத்தான் படுகிறது.

எல்லாத் தட்டும் ஒரே தரம் என்று நான் வாதாடவில்லை. ‘ஃபீட்ஸ்’ தட்டில் தாளம் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. ‘ரெடி ஆர் நாட்’ ஓடும் வேகத்தில் கார்டுகளுக்கு மூச்சுவிட இடமில்லை. 1980இன் ‘மான்ஸ்டர்’ முதல் முன்னணிக் குரல் பெரும்பாலும் பிறருடையது. ‘சாட்டர்டே நைட்’ பாட்டில் கார்லோஸ் சன்டானாவின் கிட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் அது சன்டானாவின் பாட்டுபோல ஒலிக்கிறது. ‘லைட் மீ அப்’ தட்டுக்காக மைக்கேல் ஜாக்சனுக்குப் பாட்டெழுதிய ராட் டெம்பர்ட்டன் வந்தார். வேலை சுத்தம், ஆனால் ஹான்காக் தன் தட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டார். இதை நான் தனியாக மறுவெளியீடு செய்யச் சொல்லமாட்டேன். ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிவதும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிவைப்பதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

இனி ஆதரவாளர்கள். இவர்களில் ஒரு சாரார், ‘தெரியும், மோசமான ரசனைதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்’ என்று அசடு வழிந்துகொண்டே இந்தத் தட்டுகளைக் கொண்டாடுகிறார்கள். இன்னொரு சாரார், ஹிப் ஹாப்காரர்கள் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார்களே, அதற்காக மதிக்கலாம் என்கிறார்கள். டெட்ராய்ட்டின் ஜே டில்லா ‘கம் ரன்னிங் டு மீ’ பாட்டை எடுத்து ஸ்லம் வில்லேஜ் குழுவின் ‘கெட் டிஸ் மணி’ பாட்டைக் கட்டினார் என்பது உண்மை. 2000இல் வந்த ‘ஃபன்டாஸ்டிக், வால்யூம் 2’ தட்டில் அது இருக்கிறது. ஆனால் டில்லா அதைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த உதிரிப் பாகம் என்றா எடுத்தார்? அந்தக் கார்டுகள் அழகாக இருந்தன, அதனால் எடுத்தார். ஜாஸ் ரசிகர்களுக்கு முன்னால் ஒரு ஹிப் ஹாப் இசைஞருக்கு அது கேட்டுவிட்டது, அவ்வளவே. பிறகு ராபர்ட் கிளாஸ்பரின் குழுவில் கேசி பெஞ்சமின் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வோகோடரில் பாடினார். அந்தக் குழுவின் ‘பிளாக் ரேடியோ’ 2013இல் சிறந்த ஆர் அண்ட் பி தட்டுக்கான கிராமி வாங்கியது. ஜாஸ் உலகமும் கை தட்டியது. பேரப்பிள்ளைக்குக் கிடைத்த கைத்தட்டல் தாத்தாவுக்குக் கிடைக்காதது விசித்திரம். ஹான்காக் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எண்பது வயதை நெருங்கியும் கடந்தும் அவர் நடத்தும் கச்சேரிகளில் வோகோடர் மேடையில் இருக்கிறது, ‘கம் ரன்னிங் டு மீ’ பாட்டும் இருக்கிறது. இளமையில் செய்த பிழையை யாரும் எண்பது வயதில் மேடையேற்ற மாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பெட்டி. 34 சிடி பெட்டியில் எல்லாம் இருக்கும்போது தனித்தட்டு எதற்கு என்கிறார்கள். பெட்டி வாங்குபவர் ஏற்கெனவே ஹான்காக்கைப் பற்றி முடிவுகட்டியவர். அவர் ‘சன்லைட்’ வரும் இடத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார். ஸ்லம் வில்லேஜ் வழியாகவோ கிளாஸ்பர் வழியாகவோ வந்துசேரும் இருபது வயதுக்காரர் ஒரு தட்டுக்காக 34 தட்டு வாங்கமாட்டார். ஜப்பானியப் பாடகி கிமிகோ கசாய் ஹான்காக்கின் குழுவோடு 1979இல் பதிவுசெய்த ‘பட்டர்ஃப்ளை’ தட்டு நெடுங்காலம் ஜப்பானுக்கு வெளியே கிடைக்காமல் இருந்தது. 2018இல் பி வித் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் அதைத் தனித்தட்டாக வெளியிட்ட பிறகுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அதிலும் ‘ஐ தாட் இட் வாஸ் யூ’ இருக்கிறது. தனித்தட்டாக வந்தால்தான் தனியாகக் கேட்பார்கள்.

உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு என் கோரிக்கை சிறியது. ‘சன்லைட்’ தட்டை முழு அளவில், மூல டேப்பிலிருந்து வெளியிடுங்கள். கூடவே ‘டைரக்ட்ஸ்டெப்’ தட்டையும் ‘தி பியானோ’ தட்டையும் சேர்த்து மூன்றையும் ஒரே உறையில் கொடுங்கள். உறைக்குறிப்பை வோகோடர் வாசிக்கத் தெரிந்த யாரையாவது எழுதச் சொல்லுங்கள், ‘சர்ச்சைக்குரிய காலம்’ என்று தொடங்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘டைரக்ட்ஸ்டெப்’ எங்காவது கிடைத்தால் இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். பாடுகிறவரைத் தேடாதீர்கள், கீபோர்டைக் கவனியுங்கள். அதற்குப் பிறகும் அது மறுவெளியீட்டுக்குத் தகுதியில்லாதது என்று தோன்றினால், அப்போது சண்டைக்கு வாருங்கள்.